சமையல் எண்ணெயில் வண்டி ஓடுமா?



2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள், தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் என்று நம் கெடா ஊர்களின் தேநீர்க் கடைகளில் அதுவே பேச்சானது. பழைய டீசல் வேன் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்படிக் கேட்பதுண்டு: "அண்ணே, டீசல் இன்ஜின் எந்த எண்ணெயிலும் ஓடுமாமே! நாம்தான் செம்பனைக் குலை வெட்டுகிறோமே, அந்த எண்ணெயையே ஊற்றினால் என்ன?"

நல்ல கேள்வி. "ஓடும்" என்று சொன்னால் அது உண்மை. "ஓடாது" என்று சொன்னால் அதுவும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாகும்? இதற்கு விடை தேடிப் போனால் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் நம் முன் விரிகிறது. அதில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் வருகிறார்கள். ஜப்பான் காலம் வருகிறது. தோட்டத்தில் குலை வெட்டும் நம் கைகளும் வருகின்றன. அந்தச் சரித்திரத்தை இன்று பார்ப்போம்.

முதலில் டீசல் இன்ஜின் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொள்வோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் கையால் தொட்டு உணர்ந்திருக்கிறோம். காற்றை நெருக்கினால் அது சூடாகும். டீசல் இன்ஜினில் பிஸ்டன் காற்றைப் பலமடங்கு நெருக்குகிறது. காற்று நெருப்பாய்க் கொதிக்கும் அந்த நேரத்தில், நோசல் என்னும் சிறு துவாரக் குழாய் வழியாக எண்ணெய் பனித்துளி போலப் பீய்ச்சப்படுகிறது. சூட்டில் அது தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டிய தீப்பொறி இதற்கு வேண்டாம்.

இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல். 1858-இல் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியர். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் வெற்றிகரமாக ஓடியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸில் ஓர் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஓட்டோ நிறுவனம் சிறிய டீசல் இன்ஜின் ஒன்றை ஓட்டிக் காட்டியது. அதில் ஊற்றியது கடலை எண்ணெய்! மண்ணெண்ணெய் வகைகளுக்கென்று செய்யப்பட்ட அந்த இன்ஜின், எந்த மாற்றமும் இல்லாமல் கடலை எண்ணெயிலும் சீராக ஓடியதால், பார்த்தவர்களில் மிகச் சிலருக்கே அந்தச் செய்தி தெரிந்திருந்தது. இதைப் பிற்காலத்தில் டீசலே தம் சொற்பொழிவில் விளக்கியிருக்கிறார்.

கடலை எண்ணெயை ஏன் ஊற்றினார்கள்? அந்த யோசனை பிரெஞ்சு அரசாங்கத்தினுடையது. பிரான்சுக்கு ஆப்பிரிக்காவில் குடியேற்ற நாடுகள் இருந்தன. அங்கே நிலக்கடலை ஏராளமாக விளைந்தது. அந்த நாடுகளில் இன்ஜின் ஓட்ட நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் கப்பலில் ஏற்றி அனுப்புவதைவிட, அங்கே விளைவதையே எரித்தால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். அதே காலத்தில் நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த தென்னாற்காட்டுச் சீமையின் நிலக்கடலையும், புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே தாவர எண்ணெயில் இன்ஜின் ஓட்டும் எண்ணம் பிறந்தபோதே ஒரு கேள்வியும் உடன் பிறந்துவிட்டது. விளைவிப்பவன் ஒருவன்; அதனால் பயன் பெறுகிறவன் யார்? இந்தக் கேள்வியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

டீசல் 1913-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் காணாமற்போய் மறைந்தார். பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்ததால் கடலை எண்ணெயையும் உலகம் மறந்தது. இன்ஜின்களும் பெட்ரோலிய டீசலுக்கு ஏற்றபடியே செய்யப்பட்டு வந்தன.

இதற்கிடையில் மலாயாவில் ஒரு புதிய மரம் வேரூன்றியது. மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட செம்பனை இங்கு முதலில் அழகுக்காகவே நடப்பட்டது. அதை வணிகப் பயிராக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1917-இல் சிலாங்கூரில், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் அந்தப் பயிர் தொடங்கியது. அப்போது கெடாவில் எங்கு பார்த்தாலும் பால் மரம்தான். செம்பனை நம் பக்கம் பரவப் பல ஆண்டுகள் ஆயின.

செம்பனை எண்ணெயில் வண்டி ஓட்டியதில் முந்திக்கொண்டது பெல்ஜியம். அந்நாட்டின் ஆட்சியில் ஆப்பிரிக்காவின் காங்கோ இருந்தது; அங்கே செம்பனை காடாய் வளர்ந்தது. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்பவர் 1937-இல் ஒரு காப்புரிமை பெற்றார். எண்ணெயை அப்படியே ஊற்றாமல், சாராயச் சத்தோடு சேர்த்துப் பக்குவப்படுத்தி மெல்லியதாக்கும் முறை அது. 1938-இல் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவேன் நகருக்கும் இடையே ஒரு பயணிகள் பஸ், இப்படிப் பக்குவப்படுத்திய செம்பனை எண்ணெயில் ஓடியது. இன்று நாம் பயோடீசல் என்று சொல்கிறோமே, அதற்கு வித்து இதுதான். அடுத்த ஆண்டே போர் மூண்டது. அந்த முயற்சியும் நின்றது.

போர் நம் நாட்டுக்கும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து கெடா வழியாக இறங்கினார்கள். 1943 அக்டோபரில் கெடா தாய்லாந்தின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. கப்பல் போக்குவரத்து முடங்கியதால் பெட்ரோலும் டீசலும் அரிதாயின. ஜப்பான் காலத்து வாழ்க்கையைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்குக் கரியைப் புகைத்து அந்த வாயுவில் ஓடிய லோரிகள் நினைவுக்கு வரும். விற்க வழியில்லாமல் கிடந்த ரப்பரைக் காய்ச்சி அதிலிருந்து வண்டிக்கு எண்ணெய் எடுத்தார்கள். செம்பனை எண்ணெயும் டீசலுக்கும் மசகெண்ணெய்க்கும் பதிலாகப் பயன்பட்டது. இல்லாமை வந்தபோது மனிதன் கையில் இருப்பதை எரித்தான். போர் முடிந்து பெட்ரோலியம் திரும்பி வந்ததும் அதையெல்லாம் கைவிட்டான்.

அடுத்த திருப்பம் 1973 அக்டோபரில் நேர்ந்தது. மத்தியக் கிழக்குப் போரைத் தொடர்ந்து கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1979-இல் மறுபடியும் ஏறியது. உலகம் முழுவதும் தாவர எண்ணெயின் மேல் விஞ்ஞானிகளின் பார்வை திரும்பியது. 1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் இதற்கென்றே ஓர் அனைத்துலக மாநாடு கூடியது. சூரியகாந்தி, சோயா, கடலை என்று பல எண்ணெய்களை ஊற்றி ஓட்டிப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான்: எண்ணெயை அப்படியே ஊற்றினால் முதலில் நன்றாகத்தான் ஓடுகிறது, நாளாக நாளாக இன்ஜின் கெடுகிறது.

காரணம் என்ன? எண்ணெயின் கொழகொழப்பு. சமையல் எண்ணெய், டீசலைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு கெட்டியானது. செம்பனை எண்ணெயோ சற்றுக் குளிர்ந்தாலே உறையத் தொடங்கிவிடும். அதிகாலையில் அடுப்படிப் போத்தலில் வெள்ளையாகப் படிந்திருப்பதை நம் வீட்டுப் பெண்கள் பார்த்திருப்பார்கள். கெட்டியான எண்ணெய் நோசலில் பனித்துளியாகச் சிதறுவதில்லை. பெரிய துளிகளாக விழுகிறது. பெரிய துளி முழுதும் எரியாது. எரியாத மிச்சம் நோசல் முனையில் கரியாகப் படிகிறது. பிஸ்டன் வளையங்களை ஒட்டவைக்கிறது. கீழே இறங்கி மசகெண்ணெயையும் கூழாக்குகிறது. பலகாரச் சட்டியின் ஓரத்தில் பிசின்போல் ஒட்டிக்கொள்ளும் பழைய எண்ணெயை எத்தனை தேய்த்தாலும் போகாது அல்லவா? அதே பிசின் இன்ஜினுக்குள் படிந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ருடால்ஃப் டீசல் காலத்து இன்ஜின் பெரியது, மெதுவாகச் சுழல்வது. இந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டது. இன்றைய இன்ஜினின் நோசல் துவாரம் மயிரிழைபோல் நுண்ணியது. அது பொறுக்காது. எண்ணெயைச் சூடாக்கி இளக்கி அனுப்பும் தனி அமைப்புகளையும், தாவர எண்ணெய்க்கென்றே தனி இன்ஜினையும் ஜெர்மனியில் எல்ஸ்பெட் என்பவர் போன்றோர் செய்து பார்த்தார்கள். ஆனால் எல்லா வண்டிகளுக்கும் அதைப் பொருத்துவது எளிதன்று. இன்ஜினை மாற்றுவதைவிட எண்ணெயை மாற்றுவதே நடக்கக்கூடிய வழியாகத் தெரிந்தது.

இந்த வேலையில் மலேசியா முன்னணியில் நின்றது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. 1979-இல் போரிம் எனப்படும் மலேசிய செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம் அமைக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் டாக்டர் அகஸ்டின் ஓங் முதலிய இரசாயன அறிஞர்கள் செம்பனை எண்ணெயை டீசலாக்கும் ஆய்வில் இறங்கினார்கள். 1985-இல் ஆண்டுக்கு 3,000 டன் தயாரிக்கும் சோதனை ஆலை ஒன்று எழுந்தது.

அவர்கள் செய்ததை விளங்கிக்கொள்ள நம் செம்பனை ஆலைக்கே போவோம். லோரியில் வந்து இறங்கும் குலைகளை அங்கே நீராவியில் வேகவைக்கிறார்கள். பிறகு சுழலும் பெரிய உருளையில் போட்டு உலுக்குகிறார்கள். பழங்கள் தனியாக உதிர்கின்றன. காம்புத்தண்டு தனியாக விழுகிறது. எண்ணெய்க்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இப்படிப்பட்ட குலைகள் இருக்கின்றன. கிளிசரின் என்னும் ஒரு காம்பில் மூன்று கொழுப்புச் சங்கிலிகள் பழம்போல் ஒட்டியிருக்கின்றன. இந்தப் பருத்த உருவம்தான் எண்ணெயைக் கொழகொழப்பாக்குகிறது. மெத்தனால் என்னும் திரவத்தையும் காரப் பொருளையும் சேர்த்துச் சூடாக்கினால், மூன்று சங்கிலிகளும் காம்பைவிட்டுப் பிரிந்து மெத்தனாலோடு சேர்ந்துகொள்கின்றன. கிளிசரின் கனமாக அடியில் தங்குகிறது. மேலே தெளிந்து நிற்பது பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 10 கிலோ கிளிசரின் கிடைக்கும். அது சோப்புக்கும் மருந்துக்கும் பயன்படுகிறது.

இந்தப் புதிய எரிபொருளை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாலையில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். டாக்சி, லோரி, டிராக்டர் என்று தொடங்கிய சோதனை, மெர்சிடிஸ் பென்ஸ் இன்ஜின் பொருத்திய 30-க்கும் மேற்பட்ட பஸ்களில் வந்து நின்றது. சிலவற்றுக்கு முழுக்கப் பயோடீசல். சிலவற்றுக்குப் பாதிக்குப் பாதி. ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றுக்குச் சாதாரண டீசல். 1980-களின் பிற்பகுதியில் இந்தப் பஸ்கள் ஒவ்வொன்றும் 300,000 கிலோமீட்டர் வரை ஓடின. பூமியை ஏழு முறை சுற்றி வரும் தூரம் அது. இன்ஜின்கள் நன்றாகவே இருந்தன.

அப்படியானால் அப்போதே ஏன் எண்ணெய் நிலையங்களுக்கு அது வரவில்லை? 1986-இல் கச்சா எண்ணெய் விலை விழுந்துவிட்டது. மலிவான டீசல் இருக்கும்போது விலை கூடிய செம்பனை டீசலை யார் வாங்குவார்? வெற்றி பெற்ற ஆராய்ச்சி இருபது ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

2006-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு என்வோ டீசல் என்ற பெயரில் ஒரு கலவையை அறிமுகப்படுத்தினார்கள். 95 பங்கு டீசலோடு 5 பங்கு சுத்திகரித்த செம்பனை எண்ணெயை, பயோடீசலாக மாற்றாமல், நேராகக் கலந்தது அது. வாகன உற்பத்தியாளர்கள் அதற்கு உத்தரவாதம் தரத் தயங்கினார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. நம் தேநீர்க் கடை இளைஞரின் யோசனையை ஓர் அரசாங்கமே சிறிய அளவில் செய்து பார்த்துப் பின்வாங்கியது என்றும் சொல்லலாம்.

அதன் பிறகு போரிம் காட்டிய வழிக்கே நாடு திரும்பியது. 2011-இல் 5 விழுக்காடு பயோடீசல் கலந்த டீசல் மத்திய மாநிலங்களில் விற்பனைக்கு வந்தது. அது நாடு முழுவதும் பரவி, 7 விழுக்காடாகி, 2019-இல் போக்குவரத்துக்கு 10 விழுக்காடாயிற்று. 20 விழுக்காட்டுக் கலவையை முதன்முதலில் எங்கே தொடங்கினார்கள் தெரியுமா? நம் கெடா மாநிலத்தின் லங்காவித் தீவில்தான். அது 2020-ஆம் ஆண்டின் தொடக்கம்.

ஆகவே 2019-க்குப் பிறகு கூலிம் சாலையிலோ பாலிங் சாலையிலோ ஒரு லோரி குலை ஏற்றிப் போனால், அதன் எண்ணெய்த் தொட்டியில் உள்ள ஒவ்வொரு 100 லிட்டரிலும் 10 லிட்டர் நம் நாட்டுச் செம்பனையிலிருந்து வந்தது. நாம் கேட்காமலே நம் வண்டி செம்பனை எண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கிறது!

இப்போது முன்பு மனத்தில் வைத்த கேள்விக்கு வருவோம். இதனால் பயன் யாருக்கு?

1960-களிலிருந்து தோட்டங்கள் பால் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டன. பால் மரத் தோட்டத்தில் நாள்தோறும் கத்தி வைக்க வேண்டும். செம்பனைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனாலும் போதும். ஆகவே அதே நிலத்துக்குக் குறைந்த ஆட்களே தேவைப்பட்டார்கள். லயங்கள் காலியாயின, குடும்பங்கள் சுங்கை பட்டாணிக்கும் பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் தொழிற்சாலை வேலை தேடிப் போயின. தோட்டத்தில் தங்கியவர்களின் வாழ்வு செம்பனை விலையோடு கட்டுண்டது. 2008-இன் தொடக்கத்தில் ஒரு டன் எண்ணெய் 4,000 வெள்ளிக்கு மேல் விற்றது; ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,500 வெள்ளிக்கு இறங்கியது.

இப்படி விலை விழும் காலத்தில் பயோடீசல் ஒரு முட்டுக்கோலாக உதவுகிறது. மிஞ்சிய எண்ணெயை வண்டிகள் குடித்துவிடுவதால் விலை மேலும் சரியாமல் தாங்குகிறது. இது குலை வெட்டுகிறவருக்கும் சிறுதோட்டக்காரருக்கும் நன்மை. ஆனால் விலை ஏறும் காலத்தில் அதே திட்டம் நம் அடுப்படியைத் தொடுகிறது. 2022 ஏப்ரல் முடிவில் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதியைச் சில வாரங்கள் தடை செய்ததும், உலகம் முழுவதும் சமையல் எண்ணெய்க்குத் தவித்ததும் நினைவிருக்கும்.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 20 கிலோ குலையிலிருந்து ஏறத்தாழ 4 கிலோ எண்ணெய் கிடைக்கும். 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடிக்கும் வேனுக்கு இரண்டு குலை வேண்டும். அலோர் ஸ்டாரிலிருந்து பட்டர்வொர்த் வரை போய்ச் சேரும்போது அது ஏறத்தாழ தீர்ந்துவிடும். அதே எண்ணெய் ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு இரண்டு மூன்று மாதம் வரும். வண்டியும் வேண்டும், சமையலும் வேண்டும். எதற்கு எவ்வளவு என்பதே அரசாங்கமும் மக்களும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டிய காரியம். காடழித்துச் செம்பனை நடக்கூடாது என்ற உலகின் குரலையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. 2030-க்குள் செம்பனை எரிபொருளைத் தன் கணக்கிலிருந்து நீக்க ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த முடிவு நம் குலை விலையையும் பாதிக்கக்கூடியது.

நேயர்களே, தேநீர்க் கடை இளைஞருக்கு இப்போது நாம் பதில் சொல்லலாம்.

தம்பி, கடையில் வாங்கிய எண்ணெயை வேனில் ஊற்றாதே. முதல் வாரம் ஓடும். பிறகு பட்டறைச் செலவில் மிச்சம் பிடித்த காசெல்லாம் போய்விடும். அரசு மானியத்தில் விற்கும் பாக்கெட் எண்ணெய் குடும்பங்களின் சமையலுக்கானது. அதை வண்டிக்குத் திருப்புவது சட்டப்படி குற்றமும் ஆகும். வீட்டிலேயே பயோடீசல் காய்ச்சிப் பார்க்கவும் வேண்டாம். மெத்தனால் கண்ணைப் பறிக்கும் நஞ்சு, சட்டென்று தீப்பிடிக்கும். காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும். பிள்ளைகள் விளையாடும் வீட்டில் அந்த வேலை ஆகாது.

ஆனால் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. வடை, முறுக்கு சுட்டு மிஞ்சிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் ஆறவைத்து, வடிகட்டி, போத்தலில் சேர்த்து வையுங்கள். பழைய எண்ணெயை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள்; அது பயோடீசல் ஆலைக்குப் போகிறது. சாக்கடையும் அடைக்காது, கைக்கும் சில வெள்ளி வரும். வாயில் போகவேண்டிய எண்ணெயையும் வண்டி பறிக்காது.

1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அந்த இன்ஜினைப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு, உள்ளே எரிவது கடலை எண்ணெய் என்று தெரியவில்லை. அந்தக் கடலையைப் பயிரிட்டவன் யார் என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை. இன்று நம் சாலையில் ஓடும் லோரியைப் பார்க்கும்போது நாமாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். நீண்ட கம்பில் அரிவாள் கட்டி அண்ணாந்து குலை வெட்டும் அப்பாவும், குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கும் அம்மாவும் இதில் ஒரு பங்கு. இதன் இரசாயனத்தைப் படித்துத் தேறி, நாளை அந்த ஆலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பொறுப்பேற்பது பிள்ளைகளின் பங்கு.